பக்கத்து வீட்டு மழை

1

கமுதிப் பக்கத்துச் சொந்தங்கள் எல்லாரும் சுகமா? நம் ஊர்ச் சங்க மலருக்கு இந்த வருஷமும் என்னைத்தான் எழுதக் கேட்டிருக்கிறார்கள். கேட்காவிட்டாலும் எழுதி அனுப்பியிருப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று மலேசியாவில், கிள்ளானில் எனக்கு மூன்று லோரி ஓடுகிறது. டெங்கில் என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் அறுத்த வாழை இலை விடிவதற்குள் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் வந்து சேர்கிறது என்றால், அது என் லோரியில்தான். நீங்கள் இங்கே வந்து இலை போட்டுச் சாப்பிட்டால், சாப்பாடு யாருடையதோ, இலை என்னுடையது.

இந்த ஆடியோடு நான் இந்த நாட்டில் கால் வைத்து நாற்பது வருஷம். இதுவரை நான் எழுதியதெல்லாம் வென்ற கதை. இந்தத் தடவை வயிற்றெரிச்சல் கதை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. பக்கத்துத் தெருக்காரன் மச்சு வீடு கட்டியதைப் பொறுக்க முடியாமல்தான் நான் விமானமே ஏறினேன். பொறாமை எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

ஆனால் இப்போது நான் பொறாமைப்படுகிற ஆளிடம் மச்சு வீடு இல்லை. லோரி இல்லை. வெயிலில் வெளுத்த நாலு நீல பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கிறது. அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

2

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டு கழுவினேன். ஒவ்வொரு தட்டுக்கும் குழாயைத் திறப்பேன், மூடுவேன். பெரிய சமையல்காரர் பார்த்துவிட்டு, "டேய் கமுதி, இங்க தண்ணி தீராதுடா. தொறந்து வுட்டுக் கழுவு" என்றார். எனக்குக் கை வரவில்லை. நம் ஊரில் ஒரு குடத்துக்கு என் ஆத்தாள் எவ்வளவு தூரம் நடந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைகிற நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் கொட்டியது பாருங்கள். நம் பக்கத்தில் ஐப்பசி முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து அண்டா, குண்டா, குழம்புச் சட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சந்தில் வரிசையாக வைத்துவிட்டேன். ஏழு பாத்திரம். நனைந்துகொண்டே ஒவ்வொன்றும் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடையே பின்வாசலுக்கு வந்து நின்று சிரித்தது. சாப்பிட வந்தவர்களும் எச்சில் கையோடு வந்து பார்த்தார்கள். "இங்க தெனமும் பெய்யும் லா. எத்தனை அண்டா வைப்ப?" என்று ஒருத்தர் இந்த ஊர் 'லா' போட்டுக் கேட்டார். நான் ஏழு பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு விட்டேன் மழையை. அதற்கப்புறம் நாற்பது வருஷம் அது என் தலைக்கு மேல் பெய்தது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளுக்குள் மட்டும் ஓர் எரிச்சல் இருந்துகொண்டே இருந்தது. இந்த மண் என்ன புண்ணியம் செய்தது, எங்கள் மண் என்ன பாவம் செய்தது? இங்கே பிறந்தவர்கள் மழை வந்தால் காயப்போட்ட துணியைத்தான் நினைக்கிறார்கள். நம் ஆட்கள் வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்தவர்கள்.

3

சொந்த வீடு வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, பின்பக்கம் ஐந்து தொட்டி வைத்தது. ஒவ்வொன்றும் என் உயரம். குழாய்த் தண்ணீரால் நிரப்பி வைத்தேன். கிள்ளானில் எப்போதாவது குழாய் நின்றுபோகும். அப்போது எங்கள் சந்து முழுக்க வாளியோடு என் வாசலில் நிற்கும். எங்கள் வீட்டுப் பக்கம் தண்ணீர் கேட்டு நிற்கிற ஜனத்தைப் பார்க்கும்போது என் நெஞ்சு எவ்வளவு அகலமாகும் தெரியுமா? கமுதிக்காரன் வீட்டில் தண்ணீர் கேட்கிறார்கள்!

சந்தின் கடைசியில், பெரிய சாக்கடைக் கால்வாய் ஓரமாக ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மூன்றாம் வெள்ளியன்று அம்மனுக்கு முதல் குடம் தண்ணீர் சந்தில் ஒரு வீட்டிலிருந்து போக வேண்டும். அந்த வீட்டுப் பெயரைப் பண்டாரம் சத்தமாகச் சொல்லித்தான் ஊற்றுவார். தொட்டி வைத்த வருஷத்திலிருந்து அது என் வீடு. யாரும் தீர்மானம் போடவில்லை. நான் வேறு யாருக்கும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் குப்புசாமி. இங்கேயே தோட்டத்தில் பிறந்து, அங்கே பம்பு வீட்டில் வேலை பார்த்து, ஆற்றுத் தண்ணீரைத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு ஏற்றிவிட்டுக் காலம் தள்ளியவர். என்னைவிட மூன்று வயசு மூத்தவர். இங்கே கடை முதலாளியைத் தவுக்கே என்பார்கள். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மரியாதையா கிண்டலா என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருக்குக் காலையில் ஒரு வேலை உண்டு. நீளமான மூங்கிலில் கம்பி வளைத்துக் கட்டிய ஒரு கொக்கியால் கால்வாயில் மிதக்கிற குப்பையை இழுத்துப் போடுவார். சம்பளம் கிடையாது. கரையில் சோற்றுக்கு வாசனைக்குப் போடுகிற பாண்டான் இலை, சேரை எனப்படும் எலுமிச்சம்புல், வாழை எல்லாம் வைத்திருக்கிறார். நான் என் வீட்டு வாசல், கொல்லை எல்லாவற்றுக்கும் சிமெண்டு போட்டு, அதன்மேல் ஓடு பதித்து, ஒரு புல் முளைக்காமல் வைத்திருந்தேன். அதுதான் சுத்தம் என்று நினைத்தவன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. என் லோரிகளில் மிச்சமாகும் வாழைத் தண்டையும் நாரையும் பல வருஷம் அந்தக் கால்வாயில்தான் என் ஆட்கள் தள்ளினார்கள். நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தேன். குப்புசாமி அதை ஒருநாளும் வந்து கேட்கவில்லை. கொக்கியால் இழுத்து, குழியில் மக்க வைத்து, தன் வாழைக்கே போட்டுவிட்டார். அவர் தார் ஒவ்வொன்றும் என் இடுப்பளவு வந்தது. பார்த்துக்கொள்ளுங்கள், என் குப்பையில் அவர் தோட்டம். எனக்குச் சண்டை போடக்கூட இடம் வைக்கவில்லை.

அவர் கூரையில் விழுகிற மழை ஒரு குழாய் வழியாக அந்த நாலு நீலப் பீப்பாயில் போய் விழும். பீப்பாய் வாயில் பழைய வேட்டித் துணி. உள்ளே கப்பி மீன், நம் சுண்டு விரல் நகம் அளவு. என் மகன் பூச்சோங்கில் இருக்கிறான். சனிக்கிழமைதோறும் பேத்தியைக் கொண்டுவந்து விடுவான். அந்தப் பிள்ளைக்கு என்னோடு பேசத் தமிழ் வராது. ஆங்கிலம் பாதி, மலாய் பாதி. நான் தமிழில் கேட்டால் தலையை ஆட்டும். ஆனால் செருப்பைக் கழற்றாமலே அந்த வீட்டுப் பீப்பாயைத் தேடி ஓடும். எனக்கு அதுவும் எரிந்தது.

4

ஆடி இரண்டாம் வாரம் சுகாதார இலாகா ஆள் ஒருத்தன் வந்தான். மலாய்க்காரப் பையன், மரியாதையான பிள்ளை. எங்கள் வட்டாரத்தில் டெங்கிக் காய்ச்சல். வீடு வீடாகப் பார்க்கிறார்கள். கேட்டில் நின்றுகொண்டு, "அங்கிள், வீட்டில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறீர்களா?" என்று மலாயில் கேட்டான்.

அவன் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. எதற்குக் கேட்கிறான் என்பதுதான் புரியவில்லை. தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறாயா என்று ஒருத்தன் கேட்டால், நம் ஊர்க்காரனுக்கு அதைவிடப் பெருமையான கேள்வி ஏது? உள்ளே வா தம்பி என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து தொட்டியையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினேன். இது ஆறு மாசத்துத் தண்ணீர், இது ஒரு வருஷத்துத் தண்ணீர், நான் தொடுவதே இல்லை, ஆபத்துக்கு வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் அளந்து விட்டேன். மூடியையும் நானே திறந்து கொடுத்தேன்.

அவன் டார்ச் அடித்தான். வெள்ளைக் கரண்டியில் ஒரு கை தண்ணீர் மொண்டு என் முகத்துக்கு நேரே பிடித்தான். உள்ளே நெளிந்துகொண்டிருந்தது. "அங்கிள், இது எல்லாம் கொசுப்புழு" என்றான்.

ஐந்தில் மூன்று தொட்டியில் புழு. அபராதச் சம்மன் எழுதினான். எல்லாவற்றையும் இன்றே கொட்டிக் கழுவ வேண்டும் என்றான். பக்கத்து வீட்டுக்கும் போனான். நானும் மதில் ஓரமாக நின்று காத்திருந்தேன், அங்கேயும் எழுதட்டும் என்று. நாலு பீப்பாயிலும் கரண்டி விட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மீன் தின்றுவிடுகிறது. பீப்பாயை போன் கேமராவில் படம் எடுத்தான். குப்புசாமி போட்டுக் கொடுத்த பால் இல்லாத தேத்தண்ணியை உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனான். என் வீட்டில் சம்மன், அவர் வீட்டில் தேத்தண்ணி.

என் ஆட்கள் தொட்டிகளைக் கவிழ்த்தபோது நான் உள்ளே போய்விட்டேன். சத்தம் மட்டும் கேட்டது. நம் ஊரில் அந்தத் தண்ணீருக்கு வெட்டுக்குத்து நடந்திருக்கும். "போனாப் போவுதுங்க, புழுத் தண்ணிதானே" என்றாள் என் மனைவி பொன்னுத்தாய். பத்து நிமிஷத்தில் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. புழுத்துப்போகும்வரை பூட்டி வைத்தவன் நான்தான் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ரெண்டு வாரம் பிடித்தது.

5

தொட்டி கழுவிய மறுவாரம் குழாய் நின்றது. மேலே எங்கேயோ ஆற்றில் யாரோ எதையோ கொட்டிவிட்டார்களாம், வாடை அடிக்கிறதாம், சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நின்றது. வெள்ளிக்கிழமை ஆடி மூன்றாம் வெள்ளி. என் தொட்டி ஐந்தும் காலி. சம்மன் கோபத்தில் ஒரு வாரம் தொடாமல் விட்டு, புதிதாக நிரப்ப நான் திறந்த அன்றே குழாயில் காற்றுதான் வந்தது.

ஜனம் வாளியோடு வந்தது. என் வாசலைத் தாண்டிப் பக்கத்து வாசலுக்குப் போனது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வீட்டுக்கு ஒரு வாளி என்று வரிசையில் நிறுத்தி, அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார் குப்புசாமி. நான் கொடுத்த காலத்தில் சத்தம் போட்டுக்கொண்டே கொடுப்பேன். அவர் வாயே திறக்கவில்லை.

புதன்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார் வழக்கம்போல அருமை. பருப்பு வெண்ணெய் மாதிரி குழைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது, ஏது தண்ணீர் என்று கேட்டேன்.

"குப்பண்ணன் வீட்டு மழைத் தண்ணி" என்றாள் பொன்னுத்தாய். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு மட்டுமில்லைங்க. ரெண்டு வருஷமா பருப்பு அதுலதான் வேகுது. கொழாத் தண்ணியில இப்படி வேகாது."

இரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் வீட்டுச் சாம்பாரைப் பீற்றிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். கழுவியதும் அவர் தண்ணீர்தான்.

சாயங்காலம் கோயில் தலைவர் போன் போட்டார். "முதல் குடம் எப்படிண்ணே, ஒங்க வீட்ல தண்ணி இருக்கா, இல்ல குப்பண்ணனக் கேக்கவா?" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். "என் வீட்ல தண்ணி இல்லாமலா?" என்றேன்.

6

வியாழன் நாலு மணிக்கு வானம் இருட்டியது. நாற்பது வருஷத்துக்கு அப்புறம் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துகிற தகரக் கூரையின் மூலைக்கு ஓடினேன். அங்கேதான் தண்ணீர் பாய்ந்து விழும். விழுந்தது. கறுப்பாக விழுந்தது. இலைச் சக்கை, புறா எச்சம், ஓர் இறகு. இத்தனை வருஷம் அந்தக் கூரையை ஏறிப் பார்த்ததில்லை. ஆனாலும் குடத்தை எடுக்க மனசு வரவில்லை. தெளிய வைத்துக்கொள்ளலாம் என்று அது நிறைந்ததும் வாளி, வாளி நிறைந்ததும் அண்டா என்று வைத்துக்கொண்டே போனேன். பொன்னுத்தாய் வாசலில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

மதிலுக்கு மேல் ஒரு குடை தெரிந்தது. குப்புசாமி.

"தவுக்கே, மொதத் தண்ணிய வுட்டுருங்க. அது கூரை கழுவுன தண்ணி. கொஞ்ச நேரம் ஓடட்டும், அப்புறம் புடிங்க."

"தண்ணிய வுடச் சொல்றீங்களா? என்னையா?"

"வுடாட்டி நல்லது எப்படி வரும்? நானும் மொதத் தண்ணிய வாழைக்குத்தான் வுடறேன்."

கறுப்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொட்டுவதா வேண்டாமா என்று நான் யோசித்து முடித்து, குடத்தைக் கவிழ்த்து, துடைத்து, மறுபடி கொண்டுபோய் வைத்தேன். அதற்குள் மழை நின்றுவிட்டது. இந்த ஊர் மழை அப்படித்தான், யாரோ திருகி மூடிய மாதிரி நிற்கும். சொட்டு சொட்டாக ஒரு கைப்பிடி விழுந்தது. தெளிவான தண்ணீர்.

குப்புசாமி போகவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கோயில் தலைவர் அவரிடமும் கேட்டிருக்கிறார் போல. மதிலுக்கு மேல் கையை நீட்டினார்.

"கொடத்தக் குடுங்க தவுக்கே, ரொப்பித் தரேன். யாருக்குத் தெரியப் போவுது."

வேறு எவனாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருப்பான். நானாக இருந்தால் சந்து முழுக்கச் சொல்லியிருப்பேன். இந்த மனுஷன் நல்லவராகவும் இருந்து தொலைக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் குடத்தைக் கொடுத்தேன். வடிகட்ட ஒரு துணி கொடுங்கள் என்றார். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்ற அவசரத்தில், வேண்டாம் வேண்டாம் அப்படியே மொண்டு கொடுங்கள் என்றேன். நிறைந்த குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

7

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. பேத்தியும் வந்திருந்தது. மேளத்தோடு குடத்தைத் தலையில் வைத்துச் சந்து முழுக்க நடந்தேன். குழாய் இன்னும் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் ஜனம் அந்தக் குடத்தைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. தண்ணீர் இல்லாத நாளில் தண்ணீர் சுமந்து போகிறவன் நான்.

பண்டாரம் மஞ்சள் துணியை அவிழ்த்தார். "முதல் குடம், கமுதியார் வீடு" என்று சத்தமாகச் சொன்னார். குப்புசாமி கடைசி வரிசையில் கை கூப்பி நின்றார். பண்டாரம் குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் அம்மன் தோளில் விழுந்து, காலில் இறங்கி, கீழே இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் தேங்கியது.

தாம்பாளத்தில் ஒரு மீன் துள்ளியது.

சுண்டு விரல் நகம் அளவு. வாலில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு. மேளக்காரர் நிறுத்திவிட்டார். பேத்தி எனக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தது. என்னோடு ஒரு வரி முழுசாகத் தமிழ் பேசாத பிள்ளை, கோயிலே கேட்கிற மாதிரி சொன்னது:

"தாத்தா, இது பக்கத்து வீட்டுத் தாத்தா மீனு."

அந்தத் தமிழையும் அது அங்கே பீப்பாய் ஓரத்தில்தான் கற்றிருக்கிறது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பி, பின்னால் திரும்பியது. குப்புசாமி கடைசி வரிசையிலிருந்து, "என்னோடது இல்லம்மா. நேத்து மழையில மேலேருந்து விழுந்திருக்கும் லா" என்றார். எனக்காக, அம்மன் சன்னதியில் பொய்.

நான் உடனே வாயைத் திறந்தேன். நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் எனக்காகப் பொய் சொல்லி அதிலும் பெயர் வாங்கிக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"தண்ணி அவரோடது. கொடம் மட்டுந்தான் என்னோடது" என்றேன்.

பண்டாரம் குனிந்து தாம்பாளத்து மீனைப் பார்த்தார். "மீனு உள்ள தண்ணியில மொண்டா மீனு இல்லாமலா வரும்" என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னார்: "முதல் குடம், குப்புசாமி வீடு." மேளம் மறுபடி அடித்தது. அது என் காதில் இன்னும் அடிக்கிறது.

8

மீனைப் பேத்தி என் குடத்திலேயே போட்டுக் கொண்டுவந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்குங்க தவுக்கே, எங்கிட்ட நெறைய இருக்கு" என்றார் குப்புசாமி. அந்த 'நெறைய'தான் எனக்கு இன்னும் எரிகிறது.

இப்போது என் கூரையைக் கழுவியாகிவிட்டது. ஐந்து தொட்டியில் ஒன்றை மழைக்கு மாற்றினேன், வாயில் வேட்டித் துணி கட்டி. வாசல் ஓரத்தில் பதித்திருந்த ஓட்டைப் பெயர்த்து மூன்று வாழைக்கன்று வைத்திருக்கிறேன். லோரித் தண்டு அதற்குத்தான் போகிறது, கால்வாய்க்கு இல்லை. மழை வந்தால் முதல் பத்து நிமிஷத் தண்ணீரைக் கன்றுக்கு விடுகிறேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விடுகிறேன். உங்களில் யாராவது நின்று பார்த்தால் தெரியும், தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்பது நம் பக்கத்து ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று. பாத்திரங்களையும் வாசலில் வரிசையாக வைக்கிறேன். ஏழு. எவனாவது சிரிக்கட்டும் பார்க்கலாம்.

ஒரே ஒரு குறை. அவர் பீப்பாயில் மீன் குட்டி போட்டிருக்கிறது. மதிலில் ஏறி எட்டிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. என் தொட்டியில் அந்த ஒன்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒண்டியாக இருந்தால் எப்படிப் பெருகும், இன்னொன்று கேட்டு வாங்கி வாருங்கள் என்கிறாள் பொன்னுத்தாய். அவர் வீட்டு வாசலில் போய் நின்று நான் கேட்பதா? மழை பெய்தால் அவரே மதில் பக்கம் வருவார், பேச்சுவாக்கில் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

மூன்று நாளாக மழை இல்லை. நாற்காலியை வாசலில் போட்டு, நம் ஊர் ஆட்கள் மாதிரி வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கழுத்து வலிக்கிறது.